பை வைத்த பாவாடை

இராக்கில் சண்டை நடந்த வருஷம் அது. செராமிக் கம்பெனிக்கு ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிற வேலையை நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தோம். அவளுக்குப் பிறந்த ஊர் மங்கலம்பேட்டை. புருஷன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். சண்டை தொடங்கியதிலிருந்து அவள் கை பெட்டியில் இருக்கும், கண் டிவியில் இருக்கும். குவைத்துப் பக்கம் ஏதாவது விழுந்ததா என்பதுதான் அவளுடைய கவலை.

ஒரு நாள் பட்டாளம் ஊருக்குள் நுழைவதைக் காட்டினார்கள். ஜனங்கள் ஓடிவந்து டாங்கியின் மேல் பூவைப் போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் கூடவே ஓடின. என் மகன், “பாரும்மா, எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க” என்றான். பக்கத்து வீட்டுப் பெண், “சந்தோஷமோ பயமோ, யாரு கண்டா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க என்னா சொல்றீங்கம்மா?” என்று கேட்டாள்.

என்னிடம் யாரும் இப்படி அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு வைக்கோலைத் திணித்தேன். சொன்னது பொய். எனக்குத் தெரியும். ஒரு பட்டாளத்தை வரவேற்க நானும் இப்படி ஓடியிருக்கிறேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்போல் இருக்கிறது.

நான் பிறந்தது ரங்கூனில். அப்பா விருத்தாசலத்திலிருந்து கப்பலேறிப் போய் அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஜப்பான்காரனின் முதல் குண்டு விழுந்த அன்றைக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர்தான். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கூலிக்காரர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்பு, அடுப்புக்கு மேலே ஒரு பரண். கதவைத் திறந்தால் தெரு.

எதிர் வீட்டில் பெரியம்மா இருந்தாள். அப்பாவின் அண்ணன் பெண்டாட்டி. பெரியப்பா குண்டுக்குப் பயந்து, இந்தியாவுக்கு நடந்து போகிறேன், போய்ச் சேர்ந்ததும் ஆள் அனுப்பி உன்னைக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. அதனால் எந்தப் பட்டாளம் வந்தாலும் பெரியம்மா பித்தளைத் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலத்தி எடுப்பாள். ஜப்பான்காரன் வந்தபோது எடுத்தாள். ஒரு பட்டாளம் வந்தால் ஒரு வழி திறக்கும், அந்த வழியாக அவர் வருவார் என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஜப்பான்காரன் கொடுத்த சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைக் கொடியை அவள் பிறகு தலையணைக்கு உறையாகத் தைத்துப் போட்டாள். சரியாகத் தலை வைக்கிற இடத்தில் அந்த வட்டம் இருக்கும்.

மாமா சேர்ந்தது வேறு பட்டாளம். வெள்ளைக்காரனை விரட்டி ஊரை மீட்கப் போகிறோம், டெல்லிக்குப் போகிறோம் என்று நம் ஜனங்களே சேர்ந்து கிளம்பிய பட்டாளம். எங்கள் வரிசையில் ஏழெட்டுப் பையன்கள் பாடிக்கொண்டே போனார்கள். மாமாவுக்கு மீசை சரியாக முளைக்காத வயது. பெரியம்மா அவர்களுக்கும் ஆலத்தி எடுத்தாள். அம்மாவும் எடுக்க வேண்டும் என்றுதான் மஞ்சள் கரைத்தாள். கை நடுங்கித் தட்டு கவிழ்ந்துவிட்டது. திரும்பி வரும்போது எடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வந்தது மாமா மட்டும்தான். மலைக்காட்டிலிருந்து மாட்டுவண்டியிலும் நடையிலுமாக வந்து ஒரு சாயங்காலம் பின்வாசலில் நின்றார். மலேரியாக் காய்ச்சல். முகத்தில் கண் மட்டும்தான் இருந்தது. டெல்லியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “மழையைத்தான் பாத்தேன்” என்றார். அந்தக் கோலத்தில் வந்தவரை உள்ளே இழுத்துப் படுக்கவைப்பதிலேயே அம்மாவுக்கு நேரம் சரியாகிவிட்டது. அன்றைக்கும் ஆலத்தி எடுக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஜப்பான்காரர்கள் லாரி லாரியாக ஊரைவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான் என்று பேச்சு வந்தது. மாமா மாதிரி ஆட்களைத் தேடிப் பிடித்துத் தூக்கில் போடுவார்கள் என்றும் பேச்சு வந்தது. அம்மா ஒரே நாளில் இரண்டு காரியம் செய்தாள். மாமாவைப் பரணில் ஏற்றினாள். அவர் மறுபடியும் பட்டாளத்தோடு போய்விட்டார் என்று பெரியம்மாவிடமே சொன்னாள். என்னை உட்காரவைத்து, “யாரு கேட்டாலும் மாமா வூட்ல இல்லன்னு சொல்லணும். சொல்லுவியா?” என்று கேட்டாள். சொல்வேன் என்று தலையாட்டினேன்.

மிச்சம் இருந்தது மாமாவின் காக்கி உடுப்பு. அதை எரித்திருக்க வேண்டும். ஆனால் துணியை எரிக்கிற அளவுக்கு எங்களுக்கு வசதியில்லை. ஜப்பான்காரன் இருந்த மூன்று வருஷத்தில் ரங்கூனில் துணி என்பதே கிடையாது. நான் உடுத்தியிருந்தது கோணிச் சாக்கில் தைத்த பாவாடை. இடுப்பெல்லாம் சொறிந்து புண்ணாகியிருந்தது. அம்மா அந்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு தொப்பியையும், சட்டைப்பையின் மேல் தைத்திருந்த பட்டாளத்து அடையாளத்தையும் பிரித்து எடுத்து அடுப்பில் வைத்தாள். வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டியைப் பானை நிறையக் காய்ச்சி, துணியை அதில் முக்கிச் செம்மண் நிறமாக்கினாள். எனக்குப் பாவாடை தைத்தாள்.

சட்டையின் முன்பக்கத்தை வெட்டினால் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிடும் என்று பையோடு அப்படியே விட்டுவிட்டாள். ஆக என் பாவாடையில் ஒரு பை இருந்தது. எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணுக்கும் பை வைத்த பாவாடை கிடையாது. அந்தப் பையின் மேல், அடையாளம் தைத்திருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருப்பாக, கீழே கூர் வைத்த வெற்றிலை மாதிரி தெரிந்தது. சுற்றிலும் ஊசிக்குப் பிடிபடாத பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நூல் துணுக்குகள். எனக்கு அது பூ வேலை செய்ததுபோல் அழகாக இருந்தது. இதை வீட்டுக்குள் மட்டும்தான் கட்ட வேண்டும், வாசல் தாண்டினால் சாக்குப் பாவாடைதான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பட்டாளம் வந்த அன்று நல்ல மழை. ஆற்றுப் பக்கம் படகுகளில் வந்து இறங்குகிறார்கள் என்று பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். செல்லாமல் போன ஜப்பான் நோட்டில் செய்த காகிதக் கப்பல்கள் சாக்கடையில் மிதந்தன. பெரியம்மா தட்டோடு வந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

“வாடி, நம்மூரு ஆளுங்கல்லாம் வந்துருக்காங்களாம்.”

“எனக்குத் தல வலிக்குது. நீங்க போங்கக்கா.”

“மூணு வருஷமா ஒனக்குத் தலவலிதான். ஜப்பான்காரன் வந்தப்பவும் தலவலி, இப்பவும் தலவலி. எந்த ராஜா வந்தா ஒனக்குத் தல நேராவும்?”

பெரியம்மா போன பிறகு எங்கள் வரிசைப் பையன் ஒருவன் வாசலில் வந்து, சிப்பாய்கள் பிஸ்கட் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. காய்ச்சலில் மாமாவுக்குக் கஞ்சி இறங்குவதில்லை. இனிப்பாக ஏதாவது இருந்தால் தின்னலாம்போல் இருக்கிறது என்று முந்தின நாள்தான் பரணிலிருந்து முனகினார். பிஸ்கட்டைக் கையில் வாங்கினால் மழையில் கரைந்துவிடும், பையன்கள் பிடுங்கிக்கொள்வார்கள். என்னிடம் பை இருக்கிறது. அம்மா பின்னால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது சாக்குப் பாவாடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பை வைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

தெரு நிறைய ஜனம். நனைந்த பட்டாளம் இரண்டு வரிசையாக நடந்து வந்தது. சுட ஆளில்லாத ஊருக்குள் துப்பாக்கியோடு வந்துவிட்டதில் அவர்களுக்கே கொஞ்சம் கூச்சம்போல இருந்தது. பெரியம்மா ஒரு பஞ்சாபி சிப்பாயை நிறுத்தி ஆலத்தி எடுத்துவிட்டு, எங்க வூட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் புரியாமல் சலாம் வைத்தார். அவள் அதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு அடுத்த சிப்பாயிடம் போனாள்.

நான் கூட்டத்துக்குள் நுழைந்து முன்னால் போய் நின்று, பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

கறுத்து உயரமாக ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டே குனிந்தார். தோளில் மண்வெட்டி மாட்டியிருந்தார். தன் மூட்டைக்குள் கைவிட்டவர், என் பாவாடையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். மழையில் காசுக்கட்டிச் சாயம் கரைந்து என் காலில் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. வெற்றிலை அடையாளம் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“பாப்பா, தமிழா? எந்த ஊரு?”

தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். “விருத்தாசலம்.”

“எனக்கு அதுக்குப் பக்கத்துல, மங்கலம்பேட்டை” என்றார். “இந்தத் துணி ஏது?”

“எங்க மாமா சட்ட.”

“மாமா எங்க?”

அப்போதுதான் எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நன்றாகவே பதில் சொன்னேன். “மாமா வூட்ல இல்ல. பரண் மேலயும் இல்ல. அவருக்குக் காய்ச்சலும் இல்ல. பிஸ்கட்டு எனக்குத்தான்.”

அவர் திரும்பிப் பார்த்தார். இருபது அடி தள்ளி ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்றிருந்தார். கூடவே மீசை வைத்த அவில்தார் ஒருவர் கையில் காகிதத்தோடு ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மங்கலம்பேட்டைக்காரர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். நான் பிஸ்கட் டப்பாவைத் திறக்கத்தான் என்று நினைத்தேன். அவர் என் பாவாடையைப் பிடித்து, பையை மூன்று பக்கமும் தையலோடு அறுத்து எடுத்தார். மடித்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பை இருந்த இடத்தில் சதுரமாக ஒரு காக்கித் துண்டு புதுசாகத் தெரிந்தது. கீழே குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி அதன்மேல் தேய்த்தார்.

நான் வாய்விட்டு அழுதேன். பெரியம்மா கூட்டத்திலிருந்து, “குழந்தைய ஏம்ப்பா அழ வைக்கிற, ஊரக் காப்பாத்த வந்த ஆளா நீ” என்று கேட்டாள். அவர் அதைக் கவனிக்காமல் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“பாவாடத் துணி யாரு குடுத்தா?”

“மாமா.”

“இல்ல. சந்தையில அம்மா வாங்குனது. எங்க, சொல்லு.”

மூன்று முறை சொல்லவைத்தார். பையைத் திருடியதும் இல்லாமல், அதை மறைக்க என்னையும் பொய் சொல்லச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் சொன்னேன். கையில் கத்தி இருந்ததே. அவில்தார் எங்களைத் தாண்டிப் போகும்போது மங்கலம்பேட்டைக்காரரிடம் இந்துஸ்தானியில் என்னவோ கேட்டார். இவர் என் சேற்றுப் பாவாடையைக் காட்டி என்னவோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவில்தார் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு முழு டப்பா பிஸ்கட்டை என் கையில் வைத்து, “ஓடு. நேரா வூட்டுக்கு ஓடு” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா முதலில் என்னை ஓர் அறை அறைந்தாள். பிறகு மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, அந்த ஆள் மாமா எங்கே என்று கேட்டாரா, நீ என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார் என்று வரிசையாகக் கேட்டாள். மங்கலம்பேட்டை என்றதும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பாவாடையில் அறுத்த இடத்தைச் சேற்றோடு தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் மஞ்சள் கரைக்க ஆரம்பித்தாள்.

அதிகாரியும் அவில்தாரும் எங்கள் வரிசைக்கு வந்து பெரியம்மா வாசலில் நின்றிருந்த நேரம் அது. அடுத்தது எங்கள் வாசல். அம்மா தட்டோடு வெளியே வந்தாள். வந்தவள் தெருவைப் பார்த்து நிற்கவில்லை. முதுகைத் தெருவுக்குக் காட்டி, வீட்டைப் பார்த்து நின்றாள். இருட்டறையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். தெருவே சிரித்தது.

“பட்டாளம் இந்தப் பக்கம்டி” என்று பெரியம்மா எதிரிலிருந்து சொன்னாள். “செவுத்துக்கா சுத்துற? பயத்துல இவளுக்குத் தெசையே தெரியல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா அதற்குப் பிறகுதான் திரும்பினாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், மண்வெட்டியோடு நடந்து வந்துகொண்டிருந்த, நான் கை காட்டிய அந்த ஆளைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். இந்தத் தரம் கை நடுங்கவில்லை. சிவப்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். மழை அதை அடித்துக்கொண்டு போனது. அவர் தலையைக் குனிந்தபடி நடந்து போனார். அதிகாரி தொப்பியைத் தொட்டுக்கொண்டார், மரியாதை தனக்குத்தான் என்று நினைத்தார்போல. காகிதம் வைத்திருந்த அவில்தார் இரண்டு வார்த்தை கேட்டார். “நானும் பொண்ணும்தான்” என்று அம்மா இரண்டு விரலைக் காட்டினாள். என்னைப் பார்த்தார்கள். யாரும் கேட்காமலே நான், பாவாடைத் துணி சந்தையில் வாங்கியது என்றேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாததால் அது வீணாகப் போயிற்று. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறு வருஷம் கப்பல் கிடைத்து ஊர் வந்து சேர்ந்தோம். பெரியம்மா எங்களோடு வரவில்லை. பெரியப்பா வந்து கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டுமே என்று சொல்லிவிட்டாள். நான் இங்கேதான் ஐந்தாவது வரை படித்தேன். மூன்றாம் வகுப்பில் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்து, எங்கள் பாவாடை வெற்றிலையை இங்கே ஏன் மாட்டியிருக்கிறார்கள் என்று டீச்சரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அப்போதும் கூச்சம்தான்.

மாமா செராமிக் சூளையில் நெருப்பு பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். தியாகிகளுக்குப் பென்ஷன் உண்டு, எழுதிப்போடுங்கள் என்று சிலர் சொன்னபோது, அந்தப் பட்டாளத்தில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். மாமா சிரித்துக்கொண்டே, “என் அத்தாட்சி மங்கலம்பேட்டையில இருக்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்மா உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் போகும்போதெல்லாம், மங்கலம்பேட்டை தாண்டுகிறவரை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெற்றிலையைக்கூட ஒதுக்கிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த ஆளின் பேரை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஊர் திரும்பினாரா என்பதும் தெரியாது.

பட்டாளம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் பரணில் ஏறி மாமாவுக்குப் பிஸ்கட் கொடுத்தேன். கஞ்சி இறங்காதவர் நாலு பிஸ்கட் தின்றார். தின்றுகொண்டே நடந்ததை என் வாயால் கேட்டார். பையை எப்படி அறுத்தான், எங்கே வைத்துக்கொண்டான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சட்டைக்குள், நெஞ்சுக்கிட்டே வைத்துக்கொண்டார் என்று காட்டினேன். மாமா ஐந்தாவது பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் அழ ஆரம்பித்தார். அம்மாவும் கீழே அடுப்புக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள். ஒரு பைக்காக இரண்டு பெரியவர்கள் இப்படி அழுகிறார்களே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அது மாமாவின் சட்டைப் பை, நான் போய் அதைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவருடைய தலையைத் தடவினேன்.

“அழுவாதீங்க மாமா,” என்று சொன்னேன். “நாம ஊருக்குப் போனதும் மங்கலம்பேட்டைக்குப் போயி, அந்தத் திருடனக் கண்டுபுடிச்சி, ஒங்க பைய வாங்கியாந்துடறேன்.”